இரண்டு கச்சை அம்மையார்

சென்ற வாரம் ஒரு நாள் சாயங்காலம். முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக் கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் சரித்திரப் புத்தகத்தோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். பரீட்சை நெருங்கிவிட்டால் அவளுக்கு எங்கள் திண்ணைதான் பள்ளிக்கூடம்.

"610, 622, 630, 632, 636, 642..." பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒரே ராகத்தில் உருப்போட்டுக் கொண்டிருந்தாள்.

"அது என்னம்மா, வெறும் எண்ணாகவே ஒப்பிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"இஸ்லாத்தின் தோற்றமும் பரவலும், பெரியம்மா. கட்டாயம் ஒரு கேள்வி வரும். எந்த வருஷம் எந்த ஊர் என்று எழுதிவிட்டால் போதும், மார்க் கிடைத்துவிடும்."

"அத்தனை வருஷத்துக்கும் நடுவில் ஒரு பெண்ணின் பெயராவது வருகிறதா, பார்."

புரட்டினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். "கதீஜா என்று ஒரு வரி இருக்கிறது. அப்புறம் எல்லாம் யுத்தந்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் உருப்போட்ட அத்தனை வருஷங்களையும் உயிரோடிருந்து பார்த்த ஒரு பெண்மணி உண்டு. 622-இல் தகப்பனாருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவர். 692-இல், நூறு வயதை எட்டிய கிழவியாகப் பிள்ளைக்கு விடை கொடுத்தவர். பெயர் அஸ்மா. அவருடைய கதையைச் சொன்னால் அந்தப் பாடம் முழுவதையும் சொன்ன மாதிரிதான். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே!

துணி வியாபாரியின் மகள்

அரேபியாவின் மேற்குப் பக்கத்தில், மொட்டைப் பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதுதான் மக்கா. உழுவதற்கு நிலம் கிடையாது; பாய்ச்சுவதற்கு ஆறு கிடையாது. இருந்தவை இரண்டே. ஒன்று, சுற்றுப்புறத்துக் கூட்டத்தார் எல்லோரும் யாத்திரை வரும் கஅபா. மற்றொன்று, ஒட்டகங்களில் சரக்கேற்றிச் செய்யும் வியாபாரம். குளிர் காலத்தில் தெற்கே ஏமன் தேசத்துக்குப் போவார்கள். கோடையில் வடக்கே சிரியாவுக்குப் போவார்கள். ஊரில் செல்வாக்கோடு இருந்தவர்கள் குறைஷிக் குலத்தார்.

அந்தக் குலத்தில் அபூபக்ர் என்பவர் துணி வியாபாரி. கையில் நாலு காசு உள்ளவர், நல்ல பேச்சுக்காரர். அவருடைய மூத்த மகள்தான் அஸ்மா. அஸ்மாவின் தாயார் குதைலாவை அபூபக்ர் அந்தக் காலத்திலேயே விவாகரத்துச் செய்துவிட்டார். ஆகவே அஸ்மாவும் அவருடைய தங்கை ஆயிஷாவும் ஒரு தகப்பனுக்குப் பிறந்த, இரண்டு தாயார் மக்கள்.

அதே ஊரில் இன்னொரு வியாபாரியும் இருந்தார். அவர்தான் பாடப் புத்தகத்தில் ஒற்றை வரியில் வருகிறாரே, அந்தக் கதீஜா அம்மையார். இரண்டு முறை கணவனை இழந்தவர். ஆனால் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. சொந்த முதல் போட்டு, நம்பிக்கையான ஆட்களை அமர்த்திச் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்தார். அப்படிச் சிரியாவுக்குப் போய் வந்தவர்களில் ஒருவர் முகம்மது. தாய் தந்தையை இழந்து பெரிய தகப்பனார் வீட்டில் வளர்ந்த வாலிபர்; கணக்கில் காசு பிசகாதவர். அவருடைய நேர்மையைக் கேட்டறிந்த கதீஜா, தோழி மூலமாகத் தாமே பெண் பேச ஆள் அனுப்பினார். பெண்ணுக்கு 40, பிள்ளைக்கு 25 என்று சொல்வது வழக்கம். விவாகம் நடந்தது. கதீஜா உயிரோடு இருந்தவரையில் முகம்மது வேறு விவாகம் செய்து கொள்ளவில்லை.

610-ஆம் ஆண்டு. ஊருக்கு வெளியே ஹிரா குகையில் தனித்திருந்த அவருக்கு முதல் இறைச்செய்தி வந்தது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. உடம்பெல்லாம் நடுங்க வீட்டுக்கு ஓடி வந்தார், போர்த்திவிடச் சொன்னார். கதீஜா போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்கள் உறவினரைத் தாங்குகிறவர், ஏழையின் சுமையைச் சுமக்கிறவர், விருந்தினரை உபசரிக்கிறவர், உங்களைக் கடவுள் கைவிடுவாரா?" என்ற பொருளில் தேற்றினார். பிறகு வேத நூல்கள் அறிந்த தம் வயோதிக உறவினர் வரகாவிடம் அழைத்துப் போனார். கணவர் பயந்து வந்த ராத்திரியில் "என்னவோ உளறுகிறார்" என்று அலட்சியமாக விடாமல், அவரை முதல் முதலாக நம்பியவர் ஒரு பெண்மணி. இதைத்தான் பாடப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது.

கதீஜாவுக்கு அப்புறம் நம்பியவர்களில் அபூபக்ரும் ஒருவர். அவரோடு அஸ்மாவும் சேர்ந்தார். கடவுள் ஒருவரே என்றும், அடிமையும் எஜமானும் அவர் முன்னால் சமம் என்றும் சொன்னால் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொறுக்குமா? யாத்திரையும் வியாபாரமும் போய்விடுமே என்று பயந்தார்கள். செல்வாக்குள்ளவர்களைத் தொட முடியவில்லை, நாதியற்றவர்கள்மேல் பாய்ந்தார்கள். சுமையா என்ற ஏழைத் தாயை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். இஸ்லாத்துக்காக உயிர் கொடுத்த முதல் ஆள் அவர்தான் என்பது மரபு. நபிகளின் குடும்பத்தாரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, சம்பந்தம் கூடாது என்று மூன்று வருஷம் தள்ளி வைத்தார்கள். பணக்காரியாகப் பிறந்த கதீஜா அந்தப் பட்டினியிலும் பங்கு கொண்டார். 619-இல் கண்ணை மூடினார்.

குகைக்குப் போன கட்டுச்சோறு

மக்காவுக்கு வடக்கே, ஏறக்குறைய 450 கிலோ மீட்டர் வழி நடந்தால் யத்ரிப் என்ற ஊர். பேரீச்சந் தோப்புகள் நிறைந்தது. பிற்காலத்தில் மதீனா என்று பெயர் பெற்றது. அந்த ஊரார் நபிகளை வரவேற்க முன்வந்தார்கள். 622-இல், தம்மைக் கொல்லச் சதி நடப்பதை அறிந்து, நபிகள் அபூபக்ரோடு இரவோடிரவாகக் கிளம்பினார்.

மதீனா வடக்கே இருக்கிறது. அவர்கள் போனதோ தெற்கே. தேடி வருகிறவர்களை ஏமாற்றுவதற்காகத் தௌர் மலைக் குகையில் மூன்று நாள் ஒளிந்திருந்தார்கள். அபூபக்ரின் பிள்ளை பகலெல்லாம் ஊரில் காது கொடுத்துக் கேட்டு, இரவில் செய்தி கொண்டு போனார். ஆட்டு மந்தையை அந்த வழியே ஓட்டிக் காலடித் தடத்தை அழிப்பது ஒருவருடைய வேலை. சாப்பாட்டுப் பொறுப்பு அஸ்மாவுடையது. அப்போது அவர் கர்ப்பிணி என்பதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

பயணத்துக்கு உணவு மூட்டை தயார். கட்டுவதற்குக் கயிறு இல்லை. அவசரத்தில் எதையாவது மறந்துவிடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே! அஸ்மா யோசித்துக் கொண்டு நிற்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த கச்சையை அவிழ்த்தார்; இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியால் மூட்டையைக் கட்டினார். மறு பாதியை இடுப்பில் சுற்றிக் கொண்டார். அன்று முதல் அவருக்கு "இரண்டு கச்சை அம்மையார்" என்று பெயர் ஏற்பட்டது. அரபு மொழியில் தாத்துன் நிதாகைன் என்பார்கள்.

தேடி வந்த குறைஷித் தலைவர்கள் வீட்டு வாசலில் நின்று, "உன் தகப்பன் எங்கே?" என்று மிரட்டினார்கள். தெரியாது என்றார். ஒருவன் ஓங்கி அறைந்தான். காதிலிருந்த தோடு தெறித்து விழுந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். அபூபக்ர் வீட்டிலிருந்த ரொக்கம் ஐயாயிரமோ ஆறாயிரமோ திர்ஹத்தை வழிச் செலவுக்காக எடுத்துப் போய்விட்டார். வீட்டில் கண் தெரியாத தாத்தா இருந்தார். அவர் இன்னும் புது மார்க்கத்தில் சேராதவர். "உங்கள் அப்பன் தானும் போய்விட்டான், பணத்தையும் துடைத்துக் கொண்டு போய்விட்டான் போலிருக்கிறதே!" என்று புலம்பினார். அஸ்மா என்ன செய்தார், தெரியுமா? கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து, பணம் வைக்கும் மாடத்தில் குவித்தார். மேலே ஒரு துணியைப் போட்டார். தாத்தாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, "இதோ பாருங்கள் தாத்தா, இவ்வளவு விட்டுப் போயிருக்கிறார்" என்றார். கிழவர் தடவிப் பார்த்துச் சமாதானம் அடைந்தார். உண்மையில் ஒரு காசு கூட இல்லை. வயதானவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்ததாகப் பிற்காலத்தில் அஸ்மாவே சொன்னார்.

முஸ்லிம்கள் வருஷம் எண்ணுவது இந்தப் புறப்பாட்டை வைத்துத்தான். நபிகள் பிறந்ததிலிருந்தும் எண்ணவில்லை, ஜெயித்ததிலிருந்தும் எண்ணவில்லை. வீட்டையும் ஊரையும் விட்டுக் கிளம்பிய அந்த 622-ஐ முதல் வருஷமாக வைத்து, ஹிஜ்ரி என்று எண்ணுகிறார்கள்.

மதீனாவில் குடித்தனம்

நிறைமாதமாக இருந்த அஸ்மாவும் மதீனாவுக்குப் பிரயாணம் செய்தார். ஊர் எல்லையில் குபா என்ற இடத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு அங்கே பிறந்த முதல் குழந்தை! நம் பக்கத்தில் குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதில்லையா? அந்த மாதிரி நபிகள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் நாவில் தடவினார். அப்துல்லா என்று பெயரிட்டார்கள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

கணவர் ஸுபைர் வீரர்தான். ஆனால் ஆஸ்தி என்று சொல்ல ஒரு குதிரையும், தண்ணீர் இறைக்க ஓர் ஒட்டகமும்தான். குதிரைக்குத் தீனி போடுவது, தண்ணீர் சேந்துவது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அஸ்மாவின் தலையில். பிசைந்துவிடுவாராம், ரொட்டி சுடத்தான் சரியாக வராதாம்! பக்கத்து வீட்டு மதீனாப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்கள். நல்ல மனசு படைத்தவர்கள் என்று அஸ்மா அவர்களைப் புகழ்ந்திருக்கிறார். நூறு போர்களைச் சொல்லும் சரித்திரம் இந்த ரொட்டி விஷயத்தையும் விடாமல் வைத்திருக்கிறது.

தீனிக்காகப் பேரீச்சங்கொட்டையைப் பொறுக்கித் தலையில் சுமந்து வர வேண்டும். இரண்டு மைல் தூரம். ஒரு நாள் வழியில் நபிகள் சிலரோடு ஒட்டகத்தில் வந்தார். மைத்துனி சுமையோடு நடப்பதைப் பார்த்து, ஏற்றிக் கொள்வதற்காக ஒட்டகத்தை மண்டியிடச் செய்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஏற அஸ்மாவுக்குக் கூச்சம். கணவருடைய ரோஷ குணமும் நினைவுக்கு வந்தது. தயங்கினார். புரிந்து கொண்ட நபிகள் போய்விட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது, நீ ஒட்டகத்தில் ஏறி வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. கொட்டை சுமந்ததுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாராம் ஸுபைர். பின்னால் அபூபக்ர் குதிரையைப் பார்த்துக் கொள்ள ஓர் ஆளை அனுப்பினார். தனக்கு அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்தது போல் இருந்ததாக அஸ்மா சொன்னார்.

இதற்கிடையில் 624-இல் பத்ர் போர், 625-இல் உஹத் போர், 627-இல் அகழிப் போர் என்று மக்காக்காரர்களோடு மூன்று சண்டைகள். 628-இல் ஹுதைபிய்யாவில் பத்து வருஷத்துக்குச் சமாதான ஒப்பந்தம். வழி திறந்ததும், வருஷக் கணக்காகப் பார்க்காத தாயார் குதைலா மகளைப் பார்க்க மக்காவிலிருந்து வந்தார். அவர் பழைய மார்க்கத்தை விடாதவர். பெற்ற தாய் வாசலில் நிற்கிறாள். உள்ளே அழைக்கலாமா, கூடாதா? அஸ்மாவின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! நபிகளிடம் கேட்கச் செய்தார். தாயை ஆதரித்து உறவு கொண்டாடு என்று பதில் வந்தது. மதம் வேறானாலும் தாய் தாய்தான் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

630-இல் மக்கா ஏறக்குறையச் சண்டையே இல்லாமல் வசமாயிற்று. 632-இல் நபிகள் நாயகம் காலமானார். ஆயிஷாவின் அறையிலேயே அடக்கம் செய்தார்கள். அஸ்மாவின் தகப்பனார் அபூபக்ர் முதல் கலீஃபா ஆனார்.

இரண்டு பேரரசுகளும் ஒரு ரசீதும்

இனிமேல்தான் அந்தப் பெண் உருப்போட்ட எண்கள் வேகமாக ஓடுகின்றன. 636-இல் யர்முக் போர். சிரியா கிழக்கு ரோமானியரின் கையை விட்டுப் போயிற்று. அதையடுத்து ஜெருசலேம். 642-க்குள் எகிப்து. அதே ஆண்டில் நிஹாவந்த் போர். 651-இல் பாரசீகத்தின் கடைசிச் சக்கரவர்த்தி யஸ்தகிர்து கொலையுண்டார். இருபது வருஷத்துக்குள் இவ்வளவு!

எப்படி முடிந்தது? மார்க்கம் தந்த ஒற்றுமையும் உறுதியும் ஒரு காரணம். முன்பு ஒன்றையொன்று வெட்டிக் கொண்டிருந்த கூட்டங்கள் ஒரே கொடியின் கீழ் வந்துவிட்டன. அடுத்த காரணம் எதிராளிகளின் களைப்பு. ரோமானியரும் பாரசீகரும் 602 முதல் 628 வரை இருபத்தாறு வருஷம் ஓயாமல் போர் செய்து கஜானாவைக் காலி செய்திருந்தார்கள். 541-இல் தொடங்கிய கொள்ளைநோயும் திரும்பத் திரும்ப வந்து ஊர்களைச் சூறையாடியிருந்தது. சிரியாவிலும் எகிப்திலும் பெரும்பாலான கிறிஸ்தவர்களுக்கும் ராஜாங்கத் திருச்சபைக்கும் ஆகாது. அண்ணன் தம்பி சண்டையில் இரண்டு வீடும் இளைத்த பிறகு மூன்றாவது ஆள் வந்தால் என்ன ஆகும்?

ராஜ்யம் பரவியது படையால். மார்க்கம் பரவியது அவ்வளவு வேகமாக அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது. பழைய ஜனங்கள் வரி கட்டிக்கொண்டு தங்கள் மதத்திலேயே இருந்தார்கள். எகிப்திலும் பாரசீகத்திலும் பெரும்பாலோர் முஸ்லிம்களாவதற்குப் பல தலைமுறைகள் பிடித்தன. வரிக் கணக்கைக்கூடப் பழைய குமாஸ்தாக்கள் கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுதி வந்தார்கள். வியன்னா நகரத்து நூலகத்தில் ஒரு பழைய ரசீது இருக்கிறது. 643-ஆம் ஆண்டு எகிப்தில் எழுதியது. அரபுப் படைக்கு 65 ஆடுகள் பெற்றுக் கொண்டதற்குக் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதிக் கொடுத்த சீட்டு; ஹிஜ்ரி 22 என்று வருஷமும் போட்டிருக்கிறது. பெரிய ராஜ்யம் ஆனாலும் ஆட்டுக்குக் கணக்கு எழுதித்தானே ஆக வேண்டும்!

வந்து குவிந்த பணத்தைப் பங்கிட இரண்டாவது கலீஃபா உமர் பதிவேடு ஏற்படுத்தினார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஓர் இரவு நகர் சுற்றி வந்தபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. விசாரித்தார். பால் மறந்த குழந்தைக்குத்தான் உதவிப் பணம் என்பது சட்டமாம். அதற்காகத் தாய் சீக்கிரமே பால் மறக்கச் செய்கிறாளாம். உமர் மனம் உடைந்து போனார். மறுநாளே, பிறந்த குழந்தை முதல் எல்லோருக்கும் உதவிப் பணம் என்று மாற்றினார்.

அஸ்மாவின் வீடும் இந்த அலையில் சேர்ந்தே போயிற்று. ஸுபைர் எகிப்துக்குப் போய், இன்றைய கெய்ரோவுக்கு அருகிலிருந்த பாபிலோன் கோட்டை மதில்மேல் ஏணி வைத்து ஏறினார். அவருக்குப் பின்னாளில் மதீனாவில் 11 வீடுகள், பஸ்ராவில் 2, கூஃபாவில் 1, எகிப்தில் 1. பேரீச்சங்கொட்டை சுமந்த மனைவியோ அந்தச் செல்வத்தை அவரோடு கடைசிவரை பகிர்ந்து கொள்ளவில்லை. இருவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. அஸ்மா பிள்ளைகளோடு இருந்தார்.

பிள்ளை அப்துல்லா 647-இல் வட ஆப்பிரிக்காவுக்குப் படையோடு போனார். அதற்கப்புறம் இன்னொரு வேலை அவரைத் தேடி வந்தது. தூர தேசங்களில் குர்ஆனை ஆளுக்கொரு விதமாக ஓதுகிறார்கள் என்று புகார் எழுந்தது. அபூபக்ர் காலத்தில் தொகுத்த ஏடுகள், நபிகளின் மனைவியும் எழுதப் படிக்கத் தெரிந்தவருமான ஹஃப்ஸாவிடம் பத்திரமாக இருந்தன. மூன்றாவது கலீஃபா உஸ்மான் 650 வாக்கில் அவற்றைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுக்க நால்வரை நியமித்தார். அவர்களில் அப்துல்லாவும் ஒருவர். பிரதிகள் பல நகரங்களுக்குப் போயின. ஏடுகள் ஹஃப்ஸாவிடம் திரும்பின. 2015-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு குர்ஆன் ஏடுகளின் தோலைச் சோதித்ததில், அது 568-க்கும் 645-க்கும் இடைப்பட்ட காலத்தது என்று தெரிந்தது. ஏறக்குறைய அஸ்மாவின் காலத்துத் தோல்!

தாயிடம் கேட்ட யோசனை

ராஜ்யம் பெருத்தால் பங்காளிச் சண்டையும் கூடவே வரும். 656-இல் உஸ்மான் கொலையுண்டார். அலி கலீஃபா ஆனார். அதே ஆண்டில் பஸ்ராவுக்கு அருகே அவரோடு போர். எதிர்ப் பக்கத்தில் ஒட்டகத்தின்மேல் இருந்தவர் அஸ்மாவின் தங்கை ஆயிஷா. அந்தப் பக்கம் நின்ற ஸுபைரும் கொல்லப்பட்டார். 661-இல் உமையாக் குடும்பத்தார் டமாஸ்கஸில் அரசு ஏற்படுத்தினார்கள். 680-இல் நபிகளின் பேரர் ஹுசைன் கர்பலாவில் மாண்டார்.

உமையாக்களை ஏற்காத அப்துல்லா மக்காவில் தாமே கலீஃபாவானார். 683 முற்றுகையில் தீப்பிடித்துச் சேதமான கஅபாவை, நபிகளின் விருப்பம் இன்னது என்று சித்தி ஆயிஷா சொல்லியிருந்ததை வைத்துப் புதிதாகக் கட்டினார். ஒன்பது வருஷம் நிலைத்தார். 692-இல் டமாஸ்கஸ் கலீஃபா அப்துல் மலிக்கின் தளபதி ஹஜ்ஜாஜ் மக்காவை வளைத்துக் கொண்டான். மலை மேலிருந்து கவண் பொறிகளால் கல் எறிந்தான். ஊருக்குள் பஞ்சம். ஆட்கள் ஆயிரக்கணக்கில் எதிரியிடம் போய்ச் சேர்ந்தார்கள். அப்துல்லாவின் சொந்தப் பிள்ளைகளில் இருவர்கூடப் போய்விட்டார்கள்.

அப்போது அப்துல்லா தாயிடம் வந்தார். அஸ்மாவுக்கு நூறு வயது. கண் பார்வை போய்விட்டது. சரண் அடைந்தால் கேட்டது கிடைக்கும். என்ன செய்யட்டும் என்று கேட்டார். பெற்றவள் என்ன சொல்வாள், சொல்லுங்கள்! நீ நியாயத்துக்காக நிற்பதாக உன் மனசுக்குத் தெரிந்தால் நில். உனக்காக உயிர் விட்டவர்களை நினை. உலக ஆசைக்காக என்றால் உன்னையும் கெடுத்து, அவர்களையும் கெடுத்தாய். இதுதான் அஸ்மா சொன்னதன் சாரம். என் உடலைச் சிதைப்பார்களே என்றார் பிள்ளை. அறுத்த ஆட்டுக்குத் தோலை உரித்தால் வலிக்குமா என்றார் தாய். விடை கொடுக்கக் கட்டித் தழுவியபோது கையில் இரும்புக் கவசம் தட்டுப்பட்டது. சாகத் துணிந்தவனுக்கு இது எதற்கு என்றார். அப்துல்லா கழற்றிவிட்டுப் போனார். திரும்பவில்லை. உடலைக் கழுமரத்தில் தொங்கவிட்டார்கள்.

ஹஜ்ஜாஜ் அஸ்மாவின் முன்னால் வந்து நின்றான். அவனுடைய ஆட்கள் அப்துல்லாவை "இரண்டு கச்சைக்காரியின் மகன்" என்று ஏளனம் செய்வது வழக்கம். நூறு வயதுக் கிழவி அசரவில்லை. ஆம், நான் அவள்தான். ஒரு கச்சையால் நபிகளின் உணவைக் கட்டினேன், மற்றொன்று பெண்ணாய்ப் பிறந்தவள் இடுப்பில் கட்ட வேண்டியது, இதில் ஏளனம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டார். எழுபது வருஷத்துக்கு முன் அறை வாங்கியும் வாய் திறக்காத பெண் இப்போது வாய் திறந்தார்; தளபதி வாயடைத்துப் போனான். பிள்ளையின் உடல் இறக்கப்பட்டுச் சில நாளில் அஸ்மாவும் காலமானார்.

மிஞ்சிய பிள்ளை

கதை இதோடு முடிந்தால் நெஞ்சு தாங்காது. முடியவில்லை. அஸ்மாவுக்கு உர்வா என்று இன்னொரு பிள்ளை இருந்தார். வாளில் நாட்டமில்லாதவர். சின்ன வயதிலிருந்து தாயாரின் பக்கத்திலும் சித்தி ஆயிஷாவின் வாசலிலும் உட்கார்ந்து, "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டுக் கேட்டு மனசில் பதித்துக் கொண்டவர். அண்ணனைக் கொன்ற அரசின் கலீஃபா அப்துல் மலிக், நபிகளின் காலத்தைப் பற்றிக் கேட்டு உர்வாவுக்கே எழுதினார். உர்வா பதில் எழுதினார். நபிகளின் வாழ்க்கையை முதல் முதலில் முறையாகத் திரட்டியவர்களில் ஒருவர் அவர். அவருடைய மாணாக்கர் வழியாகப் பிற்காலத்து நூலாசிரியர்களுக்கு அது வந்து சேர்ந்தது.

இப்போது புரிகிறதா, சகோதரிகளே? கதீஜா போர்த்திவிட்ட ராத்திரியும், குகைக்குப் போன கட்டுச்சோறும் நமக்கு எப்படித் தெரிந்தன? பெரும்பாலும் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் ஞாபகத்தில் வைத்திருந்து, ஒரு பையனுக்குச் சொன்னதால்தான். நம் தமிழில் 17-ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினாரே, அதன் கடைசிக் காண்டத்துக்கு ஹிஜ்ரத்துக் காண்டம் என்றுதான் பெயர். அந்தப் புறப்பாட்டின் கதை கடல் தாண்டி நம் கரைக்கும் வந்துவிட்டது.

கேட்டு முடித்த அடுத்த வீட்டுப் பெண், புத்தகத்தின் ஓரத்தில் 622-க்குப் பக்கத்தில் பென்சிலால் "அஸ்மா" என்று எழுதிக் கொண்டாள். பிறகு, "பெரியம்மா, இதை எழுதினால் மார்க் கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்குமோ கிடைக்காதோ, எனக்குத் தெரியாது. ஆனால் இனிமேல் அந்த வருஷம் அவளுக்கு மறக்காது.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ அத்தையோ இருப்பார்கள். பழைய கதையைத் தொடங்கினாலே, "ஆரம்பித்துவிட்டாயா?" என்று எல்லோரும் எழுந்து போகிறவர்களாக இருக்கும். இன்று இராத்திரி, சாப்பாட்டுக் கடை முடிந்ததும், எழுந்து போகாமல் உட்காருங்கள். "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பையன்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.